லொறி ஆர்ர?

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

நான் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவள். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் பெரும்பான்மையினத்தவர்கள் எமது பள்ளிவாசலையும் கடைகளையும் தாக்கியபோது எனது வாப்பா வியாபார வேலையாக அங்கே சென்றிருந்தார். மறுநாள் விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அன்றிரவைப் பற்றி அவர் இன்றுவரை எங்களிடம் வாய் திறந்ததில்லை. நான் அப்போது உயர்தர மாணவி. இப்போது ஒரு பாடசாலையில் குடியியற் கல்வி கற்பிக்கிறேன்.

பெரும்பான்மையோரின் விருப்பப்படி ஆட்சி நடப்பதே ஜனநாயகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஓரினமாக இருக்கும் நாட்டில் அவர்கள் ஒவ்வொரு முறையும் வெல்வார்கள், நாங்கள் ஒவ்வொரு முறையும் தோற்போம் என்றால், அந்த ஆட்டத்தில் நாங்கள் ஏன் சேர வேண்டும்? வாக்களிப்பதில் பொருள் உண்டா? முகநூலைத் தடைசெய்தால் இந்த வன்முறைகள் குறையுமா? இந்தியாவிலும் மியன்மாரிலும் நடப்பதும் இதுதானா? இன்னொன்று. சிறுபான்மையினராகிய நாங்கள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மற்றொரு சிறுபான்மையினரிடமும் கொலையுண்டவர்கள். அதைப் பற்றி நீங்கள் ஏன் ஒருபோதும் எழுதவில்லை? கோபத்தில் கேட்கவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு வேலைப்பளுவைக் காரணம் காட்ட மாட்டேன். உங்கள் வாப்பா அன்றிரவைப் பற்றி வாய் திறக்கவில்லை என்ற வரியை வாசித்ததும், அதற்கு அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே அம்பாறையிலிருந்து வீடு வந்து சேர்ந்து, பிறகு இருபத்தேழு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்த இன்னொரு தகப்பன் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் என் அப்பா. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல காலமாக எண்ணிக்கொண்டிருந்தேன்; உங்கள் கடிதம் அதற்கு ஒரு சாட்டாகிவிட்டது. நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு இங்கே பதில் கிடைக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலவற்றை முதலிலேயே தள்ளிவைத்துவிடுகிறேன். முகநூலைத் தடைசெய்வது பற்றிய கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. 1915இலும் 1956இலும் 1958இலும் 1983இலும் முகநூல் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன எரிந்தபோது அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்களுக்கு முடக்கியது. முடக்கிய வேளையில் வீடுகளும் கடைகளும் ஏற்கெனவே எரிந்திருந்தன. இந்தியாவையும் மியன்மாரையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அயலவன் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு ஒருபோதும் சொற்கள் குறைந்ததில்லை.

நான் உங்களோடு சண்டை பிடிக்க விரும்புவது ஒரு சொல்லைப் பற்றி. "பெரும்பான்மையினத்தவர்கள் எமது பள்ளிவாசலைத் தாக்கினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். குடியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை இப்படி எழுதலாமா? எந்தப் பெரும்பான்மை? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 அளவினர், சிங்களவர் 39 அளவினர், தமிழர் 17 அளவினர். எவரும் பாதியைத் தொடவில்லை. ஆகக் கூடிய தொகையினர் உங்கள் ஆட்கள்தான். அப்படியிருக்க, அன்றிரவு கல்லும் தடியுமாக வந்த ஒரு கும்பல் எப்படிப் பெரும்பான்மையினம் ஆயிற்று? அவர்களுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் நீங்கள். அவர்கள் விரும்பியதும் அந்தப் பட்டத்தைத்தான். தங்கள் பின்னால் ஒன்றரைக் கோடி பேர் நிற்கிறார்கள் என்று நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் கூட்டமாக வந்தார்கள்.

இந்தச் சொல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பத்திரிகைகளிலிருந்து வந்தது. நானும் கொஞ்சக் காலம் ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி அனுப்பியவன். காணி பிடித்தாலும், மாட்டைச் சுட்டாலும், கடையை உடைத்தாலும் "பெரும்பான்மையினத்தைச் சேர்ந்த சிலர்" என்றுதான் எழுதுவோம். சிங்களவர் என்று எழுதப் பயம். இன்னார் மகன், இன்ன அமைப்பாளரின் ஆள் என்று எழுத அதைவிடப் பயம். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது; அவசரகாலச் சட்டமும் 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டமும் எங்கள் பேனாவின் மேல் உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனால் பயத்தில் பிறந்த சொல், பயம் குறைந்த பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. இப்போது அதைச் சிறுவர்கள் பரீட்சைத் தாளில் எழுதுகிறார்கள்.

ஜனநாயகத்தில் பெரும்பான்மை என்பது ஒரு தேர்தலின் முடிவு. அடுத்த தேர்தலில் அது கலையக்கூடியதாக இருக்க வேண்டும். இன்று உள்ளே இருப்பவர் நாளை வெளியே நிற்க நேரலாம் என்ற எண்ணம் இருப்பதால்தான் இன்று வெளியே நிற்பவரை அவர் அடிக்காமல் விடுகிறார். தாயின் வயிற்றிலேயே தீர்மானமாகிவிட்ட ஒரு தொகையை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தால், தேர்தல் நடத்தத் தேவையில்லை, குடிசன மதிப்பீடே போதும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வாக்கியத்தில் உள்ள பெரும்பான்மையும் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியில் உள்ள பெரும்பான்மையும் வெவ்வேறு என்பதை நாளைக்கே வகுப்பில் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் குடியியல் கற்பிப்பதைவிட அந்தப் பாடவேளையில் பிள்ளைகளை விளையாட விடலாம்.

இந்த இரண்டும் எங்கே ஒன்றாகக் கலக்கப்பட்டன என்பதற்குத் திகதி உண்டு. 1956 ஏப்ரல் தேர்தலில் பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி 95 ஆசனங்களில் 51ஐ வென்றது. பெற்ற வாக்குகளோ நூற்றுக்கு நாற்பதளவு. தனிச் சிங்களத்தை, அதாவது சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற சட்டத்தை, இந்த நாட்டின் பெரும்பான்மை கேட்டுப் பெற்றது என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். எங்கள் மேடைகளிலும் சொல்கிறார்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு விழுந்த வாக்குகளும் தனிச் சிங்களத்துக்கு விழுந்தவைதாமே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அந்த ஆண்டு பெப்ரவரியில் களனி மாநாட்டில் அந்தக் கட்சியும் தனிச் சிங்களத்துக்கு மாறிவிட்டிருந்தது. மாறியது ஏன்? எதிரி அந்தச் சரக்கைக் கடையில் வைத்துவிட்டான் என்பதற்காகத்தான்.

எங்கள் கோயில் திருவிழாக்களில் ஒரு மாம்பழத்தை ஏலம் விடுவார்கள். பத்து ரூபாயில் தொடங்கும். ஊரில் ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் எதிரெதிரே நின்றுவிட்டால் அது ஆயிரங்களுக்குப் போய்விடும். பழத்தின் மேல் இருவருக்கும் ஆசை இல்லை. மற்றவன் கையில் அது போய்விடக் கூடாது, அவ்வளவுதான். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ஒக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன அதற்கு எதிராகக் கண்டிக்கு நடக்கத் தொடங்கினார். 1958 ஏப்ரலில், பிக்குகள் வீட்டு வாசலில் வந்து அமர்ந்ததும் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் தமிழர் வெட்டப்பட்டார்கள். 1965இல் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, எதிர்த்தது முன்னர் ஒப்பந்தம் செய்த கட்சி. மாம்பழத்தை ஏலத்தில் எடுத்தவன் குறைந்தபட்சம் தன் பணத்தைக் கொடுக்கிறான். இந்த ஏலத்தில் விலையைக் கொடுத்தவர்கள் திடலிலேயே இல்லாதவர்கள். பண்டாரநாயக்கவும் கொடுத்தார், 1959 செப்டெம்பரில் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு, சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டவர் 1956இல் அவரை வெல்ல வைக்க முன்னின்று உழைத்த களனி விகாராதிபதி.

இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று 1956 விவாதக் காலத்தில் சொன்ன மனிதர். அந்த வாக்கியத்தை எங்கள் ஊரில் மனப்பாடமாகச் சொல்லாத அரசியல்வாதி இல்லை. அதே மனிதர் 1972இல் அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து, சிங்களத்தை அரச கரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் யாப்பில் எழுதி, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய யாப்பின் 29ஆம் பிரிவை இல்லாமலாக்கினார். அறியாமையில் செய்தார் என்று சொல்ல முடியாத ஒருவர் செய்தது என்பதால் எனக்கு அவர் மேல் உள்ள கோபம் ஜே. ஆர். மேல் உள்ளதைவிட அதிகம். இது என்னுடைய தனிப்பட்ட குறை. நண்பர்கள் பலர் இதற்காக என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள்.

இனி அப்பாவுக்கு வருகிறேன்.

1956இல் அவர் அம்பாறையில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். எனக்கு ஆறு வயது. அம்மாவும் நானும் கல்லடியில் இருந்தோம். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு காட்டுக்குள் முளைத்த ஊர் அம்பாறை. ஆற்றின் தலைப்பக்கம் புதிய குடியேற்றங்கள், வால்பக்கம் எங்களதும் உங்களதும் பழைய வயல் வட்டைகள். அப்பாவின் மேசையில் இருந்தது பெற்றோல் பதிவேடு. எந்த லொறி, என்ன இலக்கம், எத்தனை கலன், எத்தனை மைல், என்ன நோக்கம் என்று ஐந்து நிரல்கள். அவருடைய கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். அதனால்தான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அடுத்த வாரம் கல்லோயாவில் கொலைகள் தொடங்கின. கும்பல்கள் அரச வாகனங்களைக் கைப்பற்றி அவற்றில் ஏறிப் போய்க் கொன்றன என்பது பதிவான வரலாறு. சுமார் 150 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா மூன்றாம் நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். அவர் மேலிருந்து வைக்கோல் மணத்தது. அவர் ஒருபோதும் உடுக்காத கட்டம் போட்ட சாரனொன்றை உடுத்திருந்தார். சம்மாந்துறையில் ஒரு முஸ்லிம் போடியார் அந்தச் சாரனைக் கொடுத்து, வைக்கோல் வண்டிலுக்குள் படுக்கவைத்துக் காரைதீவுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அந்தச் சாரனை அம்மா துவைத்து மடித்துப் பெட்டகத்தில் வைத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். கொடுக்கவில்லை.

அன்று அவர் சொன்னது ஒரே வசனம்: "அது எங்கட கந்தோர் லொறி." வேறு எதையும் சொல்லவில்லை.

மிச்சத்தை அவர் 1983 ஓகஸ்டில்தான் சொன்னார். கொழும்பில் எல்லாவற்றையும் இழந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் திண்ணையில் இருந்து, கும்பல் எப்படி வந்தது, எந்த வீடு தமிழர் வீடு என்று எப்படி அறிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வீட்டிலக்கம் பார்த்து, பெயர் பார்த்து வந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அதுவரை மூலையில் மௌனமாக இருந்த அப்பா கேட்டார்: "லொறி ஆர்ர?" உறவினருக்கு விளங்கவில்லை. அப்பா திரும்பவும் கேட்டார்: "அவங்கள் வந்த லொறி ஆர்ர மனே?" அது ஒரு கூட்டுத்தாபனத்தின் லொறி என்று அவர் சொன்னதும் அப்பா தலையை ஆட்டினார். அன்றிரவுதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

1956இல் ஐந்து வாரம் கழித்து அவர் மீண்டும் கடமைக்குப் போயிருக்கிறார். பதிவேட்டில் அந்த நாட்களுக்குரிய பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு லொறியின் பெற்றோலும் மைலும் கணக்கில் உதைத்தன. கணக்காய்வு வருகிறது, நிரப்பிவிடு என்று மேலதிகாரி சொன்னார். அதட்டவில்லை, பேனையை எடுத்துக் கையில் கொடுத்துத் தோளைத் தட்டியிருக்கிறார். அப்பா எழுதினார். இலக்கம், கலன், மைல். நோக்கம் என்ற நிரலில், அந்தக் காலக் கந்தோர் வழக்கப்படி ஆங்கிலத்தில், கடமையின் பொருட்டு என்று பொருள்பட இரண்டு சொற்கள். "வடிவா எழுதினன்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது, கொலைகளைப் பற்றிச் சொன்னபோது உடையவில்லை.

அன்றிலிருந்து, மகள், பெரும்பான்மையினத்தின் ஆத்திரம் பொங்கியது என்று எவர் சொன்னாலும் எனக்குப் பெற்றோல் மணக்கிறது. ஆத்திரம் பொங்கலாம், லொறி தானாக ஓடாது. ஒருவர் திறப்பைக் கொடுக்க வேண்டும், ஒருவர் இடாப்பைப் பிரதி எடுக்க வேண்டும், ஒரு பொலிஸ்காரர் மறுபக்கம் திரும்பி நிற்க வேண்டும், பிறகு ஒரு நல்ல கையெழுத்துக்காரன் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஓர் அரசாங்கம், 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலை நடத்தாமல் ஒரு சர்வஜன வாக்கெடுப்பைக் காட்டிப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகளால் நீட்டிக்கொண்டது. ஏழே மாதத்தில் ஜூலை வந்தது. வாக்காளருக்குக் கணக்குக் காட்டும் நாளை ஆறு வருடம் பின்போட்டுவிட்டவர்கள், வாக்காளர் இடாப்பு கும்பலின் கைக்குப் போனதைப் பற்றி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? சில வேளைகளில் லொறிகூடத் தேவைப்படுவதில்லை. 2020 ஏப்ரலில் கொவிட்டில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று விதிப்பதற்கு ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில் எங்கள் மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் புதைக்க மண் கிடைக்கும்வரை அது தொடர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தக் கோப்பில் யார் எந்த நிரலை நிரப்பினார்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை.

உங்கள் 2018க்கும் இதற்கும் நீங்கள் கவனிக்காத ஒரு தொடர்பு இருக்கிறது. அன்று அம்பாறையில் ஒரு முஸ்லிமின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அந்தக் கடைக்காரர், சுற்றி நின்ற கூட்டத்துக்குப் பயந்து, ஆம் என்பதுபோல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஒளிப்பதிவாகி நாடு முழுவதும் போயிற்று. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு அது வெறும் மாக்கட்டி என்றார். தனிச் சிங்களச் சட்டம் வந்து அறுபத்திரண்டு ஆண்டுகள், தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் யாப்பில் ஓர் "உம்" சேர்த்து முப்பத்தோராண்டுகள். இத்தனைக்கும் பிறகு, தன் மாவட்டத் தலைநகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர், தனக்கு எதிரான குற்றச்சாட்டை விளங்கிக்கொள்ள முடியாமல் தலையாட்டுகிறார். இதைப் பெரும்பான்மையினத்தவர்கள் தாக்கினார்கள் என்ற இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடியிருக்கிறீர்களே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

இந்த ஆத்திரத்தோடேயே உங்கள் கடைசிக் கேள்விக்கு வர வேண்டியிருக்கிறது. அதிலிருந்து தப்பத்தான் இவ்வளவு நேரம் கொழும்பைச் சுற்றினேனோ தெரியாது.

எங்கள் பத்திரிகைகளில் இன்னொரு சொல்லும் இருந்தது: இனந்தெரியாதோர். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள், சனம் நிறைந்திருக்கப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டவர்களும் இனந்தெரியாதோர்தாம். இந்த ஊரில் இனம் தெரியாமல் எவரும் ஒரு தேநீர்கூடக் குடிக்க முடியாது. இனந்தெரியாதோர் என்று எழுதினால் அவர்களை எங்களுக்குத் தெரியும் என்று பொருள். 1987 ஜூனில் அரந்தலாவையில் பஸ்ஸை மறித்து, முப்பதுக்கும் மேற்பட்ட பிக்குகளை, பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தவர்களை, வெட்டிக் கொன்றவர்களையும் எங்களுக்குத் தெரியும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் இரவுத் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டவர்களையும், எட்டு நாள் கழித்து ஏறாவூருக்குள் இரவில் புகுந்தவர்களையும் எங்களுக்குத் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நாடு முழுவதிலும் சிறுபான்மையாக இருந்தவர்கள், மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இருக்கிறோம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணின் பெயரால், இனத்தின் விடுதலையின் பெயரால், இங்கே யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு உண்டென்று துவக்கு வைத்திருந்தவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பை நாங்கள் எங்கே படித்தோம் என்று சொல்ல எனக்குத் தெரியும். படித்ததை நியாயப்படுத்த முடியாது.

காத்தான்குடிச் செய்தி வந்த காலையில் அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்: "லொறி ஆர்ர மனே?" இது லொறி விசயமில்லை அப்பா என்றேன். அவர் குசினியைப் பார்த்தார். அந்த வருடங்களில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளிலிருந்தும் பொடியன்களுக்கு, விடுதலைப் புலிகளுக்கு, சோற்றுப் பார்சல் போகும். சிலர் விரும்பிக் கொடுத்தோம், சிலர் பயந்து கொடுத்தோம், பெரும்பாலோர் இரண்டும் கலந்து கொடுத்தோம். எங்கள் வீட்டிலிருந்து கிழமைக்கு ஆறு பார்சல். அம்மா வாழையிலையை வாட்டிக் கட்டுவார். அதற்கு நாங்கள் பதிவேடு வைக்கவில்லை.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். இதுதான் காரணம், வேறெதுவும் இல்லை. என் கதைகளில் 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் இருக்கிறார்கள், நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட 184 பேர் இருக்கிறார்கள், வீரமுனை இருக்கிறது. காத்தான்குடி இல்லை. உங்களையும் ஒன்று கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் காத்தான்குடியும் ஏறாவூரும் இருக்கின்றன. அதே ஓகஸ்டில், கோயிலில் அடைக்கலம் இருந்த தமிழர்களை முஸ்லிம் ஊர்காவல் படையினர் வந்து கொன்ற வீரமுனை ஏன் இல்லை? அந்த ஊர்காவல் படையினருக்குத் துவக்குக் கொடுத்தது அரசாங்கம். அரசாங்கத்தின் லொறி, சரி. ஏறியது யார்? அப்பாவை வைக்கோலுக்குள் மறைத்துக் கொண்டுவந்த அதே சம்மாந்துறை வழியில்தான் வீரமுனையும் இருக்கிறது. அந்தச் சாரன் இன்னமும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது.

வாக்களிப்பதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லாதபடியால். வாக்களியுங்கள். 2019இல் சிங்கள வாக்குகளே போதும் என்று வென்று, அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவின் முன்னால் ஜனாதிபதியாகப் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷ, மூன்று ஆண்டு முடியுமுன்னே, 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார். அவரை ஓட்டியவர்களில் பெரும் பகுதியினர் அவர் தமது நிரந்தரச் சொத்து என்று நம்பிய சனம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றபோது யாழ்ப்பாணமும் வன்னியும்கூட அந்தப் பக்கம் சாய, 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு ஒன்றுதான் மறுபக்கம் நின்றது. நாங்கள் செய்தது சரியா பிழையா என்று இங்கே தேநீர்க் கடைகளில் இன்னும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். அந்த 159 பிறப்பால் வந்த எண் இல்லை. வாக்கால் வந்தது, அதனால் கலைக்கலாம். இந்தக் கிழமை கிராம சேவகரிடம் போய் இடாப்பில் உங்கள் பெயரும் வீட்டிலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த இடாப்பு யார் கைக்குப் போகிறது என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் வாப்பாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். அன்றிரவு என்ன நடந்தது, பயந்தீர்களா, எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டாம். என் அப்பாவிடம் நாங்கள் அப்படிக் கேட்டதெல்லாம் அவரை இன்னும் உள்ளே தள்ளியது. அவர் நல்ல மனநிலையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் எந்த வாகனத்தில் வந்தார்கள், அதன் இலக்கம் என்ன. அவர் வியாபாரி. வியாபாரிகளுக்கு வாகன இலக்கம் மறக்காது.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பு